தலைமடை ஏன் தண்ணீரை விட்டுக்கொடுக்கிறது?

மாணவர்களே, ஓர் ஆற்றின் மேற்பகுதியில் உங்களுக்கு நெல்வயல் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் முதலில் உங்களிடம்தான் வரும். கீழே உள்ளவருக்கு நீங்கள் ஏன் பங்கு தர வேண்டும்? இந்தோனேசியாவின் பாலித் தீவு விவசாயிகளிடம் இதற்கு விடை உண்டு.

சுபாக் என்றால் என்ன?

பாலியில் ஒரே வாய்க்காலிலிருந்து நீர் பெறும் விவசாயிகளின் சங்கத்திற்குச் சுபாக் என்று பெயர். மலைச்சரிவில் உள்ள அடுக்கு வயல்களுக்கு நீரைப் பங்கிடுவதும் வாய்க்காலைப் பராமரிப்பதும் அதன் வேலை. பல சுபாக்குகள் நீர்க்கோயில்களில் கூடி, யார் எப்போது நடவு செய்வது என்று முடிவெடுக்கின்றன. 2012இல் யுனெஸ்கோ இந்த வயல்வெளிகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

இரண்டு சிக்கல்கள்

நடவுக்காலத்தில் நீர் அதிகம் தேவை. எல்லாரும் ஒரே நேரத்தில் நட்டால் கடைமடைக்கு நீர் போதாது.

ஆளுக்கொரு நேரத்தில் நட்டால் நீர் போதும். ஆனால் எங்காவது ஓரிடத்தில் எப்போதும் பயிர் இருக்கும். ஒரு வயலில் அறுவடை முடிந்ததும் புகையான் பூச்சியும் எலியும் அடுத்த வயலுக்குப் போய்விடும். பரந்த பகுதியில் ஒரே சமயத்தில் அறுவடை முடித்து வயல்களை நீரில் மூழ்கவிட்டால், அவற்றுக்கு உணவும் இருப்பிடமும் இருக்காது. உணவுச்சங்கிலி அறுபடுவதால் அவற்றின் எண்ணிக்கை குறையும்.

இப்போது விடை புரிகிறதா? கடைமடைக்குத் தண்ணீர்க் கவலை. தலைமடைக்குப் பூச்சிக் கவலை. தலைமடை நீர் விட்டால்தான் கடைமடை அதனுடன் சேர்ந்து நட முடியும். சேர்ந்து நட்டால்தான் கீழே பெருகும் பூச்சி மேலே ஏறாது.

அட்டவணை குலைந்தபோது

1970களில் புதிய நெல் ரகங்களை முடிந்தவரை அடிக்கடி பயிரிடும்படி விவசாயிகள் ஊக்குவிக்கப்பட்டனர். கோயில் அட்டவணை கைவிடப்பட்ட இடங்களில் நீர்ப்பங்கீடு குழம்பியது, பூச்சிகள் பெருகின.

பிறகு மானிடவியலாளர் ஸ்டீபன் லான்சிங்கும் சூழலியலாளர் ஜேம்ஸ் கிரேமரும் 172 சுபாக்குகளைக் கணினி மாதிரியில் ஆராய்ந்தனர். ஒவ்வொரு சுபாக்கும் தனித்தனியே நட்டபோது பூச்சியால் விளைச்சல் குறைந்தது; அனைத்தும் ஒன்றாக நட்டபோது நீர்ப்பற்றாக்குறையால் குறைந்தது. அண்டைச் சுபாக்குகள் குழுக்களாகச் சேர்ந்து நடும் முறையே, அதாவது நீர்க்கோயில் முறையை ஒத்ததே, நல்ல விளைச்சல் தந்தது.

நல்ல மனம் மட்டும் நீரைப் பங்கிடப் போதாது. ஒருவருக்கு மற்றவரிடமிருந்து என்ன தேவை என்பதும் இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

சிந்தித்துப் பாருங்கள்

1. அறுவடைக்குப் பின் ஒரே ஒரு வயலை மட்டும் நீரில் மூழ்கவிட்டால் பூச்சி குறையுமா? ஏன்?

2. உங்கள் வீட்டுக் குழாய்நீர் எந்த ஆற்றிலிருந்து, எந்த நீர்த்தேக்கத்திலிருந்து வருகிறது? அந்த நீரை உங்களுடன் பகிர்ந்துகொள்வோர் யார்? அவர்களுக்கு உங்களிடமிருந்து என்ன தேவை?