விழிஞ்ஞத்துத் தங்கைக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதமும், அதனுடன் நீ அனுப்பியிருந்த காணொளித் தொடரின் முதற் பகுதிகளும் கிடைத்தன. எடுக்கிற வித்தை ஒருவாறு கைவந்துவிட்டது, எடுத்ததை ஜனங்களிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிற வித்தைதான் பிடிபடவில்லை, அதற்கு ஒரு வழி சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறாய். இவ்விரண்டையும் நான் வெவ்வேறு காரியங்களாகக் கருதவில்லை. ஒரு பகுதியை எவரிடம் போய், எப்படிக் கேட்டு, எவருக்கு முதலில் காட்டுவதாக எண்ணி எடுக்கிறாயோ, அந்த எண்ணத்திலேயே அதன் பிரசாரம் பாதிக்கு மேல் நடந்து முடிந்துவிடுகிறது என்பது என் திடமான அபிப்பிராயம்.

ஆய் மன்னர்களின் துறைமுகமாக இருந்து, ராஜராஜனின் படையெடுப்பைக் கண்டு, எட்டாம் நூற்றாண்டுக் குடைவரைக் கோயில் ஒன்றை இன்றும் காத்துவரும் உன் ஊருக்குக் காமிராக்கள் வராமல் இல்லை. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் அடித்தபோது வந்தன; 2022இல் புதிய துறைமுகத்தை எதிர்த்து மீனவர் போராடியபோது வந்தன; 2024 ஜூலை 11ஆம் தேதி ‘ஸான் ஃபெர்னாண்டோ’ என்ற, ஏறக்குறைய 300 மீட்டர் நீளமுள்ள சரக்குக் கப்பல் அத்துறைமுகத்தில் வந்து நின்றபோது வந்தன; வந்த காரியம் முடிந்ததும் திரும்பிப் போய்விட்டன. சாவும் கலகமும் கொண்டாட்டமும் இல்லாத சாதாரண நாட்களை எடுக்க ஒருவரும் தங்கவில்லை. தென்மேற்குப் பருவத்தில் மற்றக் கரைகளில் அலை முற்றி வள்ளம் இறக்க இயலாமற்போகும்போது, அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களெல்லாம் அடக்கமான உங்கள் துறைக்கே வந்து கடலுக்குப் போகிறார்களே, அந்த மாதங்களில் கணவாயும் நெத்திலியும் வந்திறங்க, ஏலக்குரல் எழ, பெண்கள் கூடைகளுடன் முண்டியடிக்க, மழையினூடே நடக்கிற அந்த வியாபாரத்தை ஆதியோடந்தமாக எடுக்கிற சௌகரியம் அங்கேயே குடியிருக்கும் உனக்குத்தான் உண்டு.

உன் பகுதிகளில் என்னை முழுமையாகக் கட்டிப்போட்டது கணிச்சம் பற்றியது. கரையில் அருகே தெரிகிற ஓர் அடையாளத்தை, மாதாகோயில் கோபுரத்தையோ மசூதி ஸ்தூபியையோ, தொலைவில் தெரிகிற மலைமுகடு ஒன்றோடு நேர்கோட்டில் பொருத்தி, வேறு திசையில் அதேபோல் இன்னொரு கோட்டையும் பிடித்து, இரண்டும் வெட்டிக்கொள்கிற இடத்தில் நீருக்கடியில் பார், அதாவது மீன் கூடுகிற பாறைத்திட்டு, இருக்கிறது என்று அறிகிற அந்த வித்தையை, கருவி எதுவும் கையில் இல்லாமல் ஒரு பெரியவர் வள்ளத்தின் அணியத்தில் நின்று காட்டுகிறார். அவர் ஒரு கண்ணைச் சுருக்கி, கையை நீட்டி, ‘இன்னும் கொஞ்சம் தெற்கே’ என்று சொல்லிவிட்டு மௌனமாகக் காத்திருக்கும் அந்த நேரத்தை நீ வெட்டாமல் விட்டிருப்பது உத்தமமான காரியம். அதற்கு முன்னால் பறக்கும் காமிராவில் எடுத்து வாத்தியம் சேர்த்த காட்சி அவசியமே இல்லை. அது எந்த ஊரின் கடலாகவும் இருக்கலாம். பெரியவரின் விரலோ விழிஞ்ஞத்தின் விரல்.

ஆனால் இதே பகுதியில் கவலைக்குரிய விஷயம் ஒன்று இருக்கிறது. பார் இருக்கும் இடம் அதைக் கண்டவர்களுக்குப் பிதுரார்ஜிதச் சொத்துப் போன்றது. தகப்பன் மகனுக்குச் சொல்வான், அடுத்த வள்ளத்துக்காரனுக்குச் சொல்லமாட்டான். நீயோ பெரியவரின் தோளுக்குப் பின்னால் நின்று, கோபுரமும் முகடும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தி நிற்கும் கணத்தை அப்படியே பதிந்திருக்கிறாய். இரண்டு கோடுகளையும் காட்டிவிட்டால் இடத்தையே எழுதிக்கொடுத்த மாதிரிதான். கைப்பேசியோ படம் எடுத்த இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகையைக் கோப்பிலேயே குறித்து வைக்கக்கூடியது. ஆகவே ஒரு கோட்டை மட்டும் காட்டு, மற்றதை அவர் முகத்தில் காட்டு, இடக்குறிப்பை அணைத்துவை. எல்லாவற்றுக்கும் மேலாக, வெளியிடுமுன் முழுப் பகுதியையும் அவருக்கும் அவர் வள்ளத்தில் போகிறவர்களுக்கும் போட்டுக்காட்டி, ‘இது போகட்டுமா?’ என்று கேள். அவர் வேண்டாமென்று சொல்கிற காட்சி எவ்வளவு அழகாக இருந்தாலும் போகக்கூடாது. ஒக்கியில் ஆளை இழந்த வீடுகளுக்குப் போகும்போதும் இதுவே நியமம்.

ஒலியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். படம் சற்று மங்கலாயிருந்தால் பொறுத்துக்கொள்கிறவர்கள், பேச்சுக் கேட்காவிட்டால் நிமிஷத்தில் போய்விடுகிறார்கள். கடற்காற்று மைக்கில் மோதி எழுப்புகிற இரைச்சலைப் பின்னால் எந்த மென்பொருளாலும் முழுமையாக நீக்கிவிட முடியாது. புதிய காமிராவுக்காகச் சேர்த்து வைத்திருக்கும் பணத்தில் ஒரு பகுதியைச் சட்டையில் குத்துகிற மைக்குக்கும் அதன்மேல் போடுகிற ரோம உறைக்கும் செலவிடு. பேச்சு மொழியையும் திருத்தாதே. தமிழும் மலையாளமும் பிரிக்கவொண்ணாதபடி கலந்த உங்கள் கரைப்பேச்சு கொல்லங்கோட்டுக்கும் தூத்தூருக்கும் குளச்சலுக்கும் அந்நியமானதல்ல. மற்றவர்களுக்காகத் தமிழிலும் மலையாளத்திலும் சப்டைட்டில் எழுதினால் போதும்.

இனி, சேர்ப்பிக்கும் காரியம். கேரளத்திலேயே இதற்கு ஒரு மகத்தான முன்மாதிரி உண்டு. தமிழில் ‘அக்ரஹாரத்தில் கழுதை’யை எடுத்த ஜான் ஆபிரகாம், 1980களில் ஒடேஸா என்ற கூட்டமைப்பை நண்பர்களுடன் அமைத்து, ஊர் ஊராகப் படக்கருவியைத் தூக்கிச் சென்று, நல்ல படங்களைப் பொதுவிடங்களில் போட்டுக்காட்டி, பார்த்த ஜனங்கள் கொடுத்த சில்லறையைச் சேர்த்தே 1986இல் ‘அம்ம அறியான்’ படத்தை முடித்தார்; முடித்த படத்தையும் அதே ஜனங்களிடம் எடுத்துச் சென்று காட்டினார்கள். பார்க்கிறவன் அங்கே வாடிக்கைக்காரனாக இல்லை, பங்காளியாக இருந்தான். உனக்குப் படக்கருவியைச் சுமக்கும் சிரமம்கூட இல்லை. ஏலக்கூடத்துச் சுவரில் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டி ஒவ்வொரு புதிய பகுதியையும் அங்கே முதலில் காட்டு. அதைப் பார்த்த ஒருவன் வளைகுடாவிலிருக்கும் தன் தம்பிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவானே, அந்த ஒரு அனுப்புதலுக்குக் காசு கொடுத்துச் செய்கிற விளம்பரம் ஈடாகாது.

யூடியூபிலும் முன்மாதிரிகள் உண்டு. ராமநாதபுரம் மாவட்டத்து மூக்கையூரிலிருந்து ‘உங்கள் மீனவன்’ சேனலை நடத்துகிறவர் மீனவராகவே கடலுக்குப் போய், அங்கிருந்தே பேசுகிறார். புதுக்கோட்டை மாவட்டத்துச் சின்னவீரமங்கலத்தில் 2018இல் தொடங்கி, 2021இல் ஒரு கோடிச் சந்தாதாரரை எட்டிய ‘வில்லேஜ் குக்கிங் சேனல்’ குழுவினரோ வயல்வெளியை விட்டு ஸ்டூடியோவுக்குப் போகவில்லை. தாத்தாவும் பேரப்பிள்ளைகளுமாகச் செய்த அதே காரியத்தை அலுக்காமல் செய்தார்கள். இவர்களிடம் நீ கற்க வேண்டியது ஒழுங்கு. மாதம் இரண்டு பகுதி என்று சொன்னால் இரண்டு வர வேண்டும். முகப்புப் படத்திலும் தலைப்பிலும் உள்ளே இல்லாததைச் சொல்லாதே. ‘அதிர்ச்சி’ என்று எழுதி ஒருமுறை அழைத்தவனை மறுமுறை அழைப்பது கஷ்டம்.

உள்ளதை உள்ளபடி சொல்வது உன் கரையில் வெறும் நாகரிக விஷயமும் இல்லை. 2025 மே மாதம் விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்குப் புறப்பட்ட ‘எம்.எஸ்.சி. எல்சா 3’ கப்பல் 640 கொள்கலன்களுடன் மூழ்கி, பிளாஸ்டிக் மணிகள் திருவனந்தபுரத்துக் கரைவரை வந்து ஒதுங்கியபோது, மீனையே தின்னக்கூடாது என்ற பேச்சு பரவி, கூடை சுமக்கும் பெண்களின் வியாபாரம் படுத்ததை நீ அறிவாய். அப்படிப்பட்ட சமயத்தில் எல்லோருக்கும் முன்பாக வெளியிட வேண்டும் என்ற பரபரப்பு உன்னையும் பிடிக்கும். விழிஞ்ஞத்திலேயே மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் மையம் இருக்கிறது. அங்கே போய்க் கேட்டு, கேட்டதை அப்படியே பதிந்து, ஒருநாள் தாமதமாக வெளியிடு. மறுமுறை வதந்தி கிளம்பும்போது ஜனங்கள் உன் சேனலைத் தேடி வருவார்கள்.

பணத்தைப் பற்றியும் கேட்டிருந்தாய். விளம்பர வருமானத்துக்கு யூடியூப் வைத்திருக்கும் பிரதான வழி, 1,000 சந்தாதாரர்களும் பன்னிரண்டு மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும். அதன்பின் நெடிய காணொளிகளின் விளம்பர வருமானத்தில் நூற்றுக்கு 55 உனக்கு. ஆரம்பத்தில் அது டீச்செலவுக்குக் காணாது. ஜீவனத்துக்காகச் செய்யும் வேலையை விட்டுவிடாதே. ஆனால் எவ்வளவு சொற்பமாக வந்தாலும், வள்ளத்தில் வருமானத்தைப் பங்கு பிரிக்கிற உங்கள் கரைவழக்கப்படி, அந்தந்தப் பகுதியில் வந்தவர்களுக்கும் ஒரு பங்கு என்று இப்போதே ஒரு நோட்டில் எழுதிவை. தொகை பெருகிய பிறகு எழுத உட்கார்ந்தால் மனஸ்தாபம்தான் மிஞ்சும். கணிச்சம் பெரியவருக்கு எத்தனை பங்கு என்று அவரையும் வைத்துக்கொண்டே பேசி முடித்து எனக்கு எழுது.

அன்புடன்,
உன் அண்ணன்