டூபுவா: காட்டோரத்திலிருந்து வந்த பெயர்



போன வாரம் நூலகப் பீரியடில் ஒரு புத்தகத்திலிருந்து 'டபிள்யூ.இ.பி. டூ பாய்ஸ்' என்று சத்தமாகப் படித்தேன். "டேய், அது பிரெஞ்சுப் பெயர். 'டூபுவா'ன்னு சொல்லணும்" என்றான் என் நண்பன். யார் சொன்னது சரி? தேடிப் பார்த்தேன். கிடைத்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

பெயரைப் பிரிப்போமா?

பிரெஞ்சு மொழியில் 'புவா' என்றால் காடு. 'டெ', 'லெ' என்ற இரண்டு சிறு சொற்கள் சேர்ந்து 'டூ' ஆகும். 'டூபுவா' என்றால் 'காட்டைச் சேர்ந்தவர்' என்று பொருள். எழுத்தில் கடைசியில் 'எஸ்' இருக்கும், ஆனால் பிரெஞ்சுக்காரர்கள் அதை உச்சரிப்பதில்லை.

எப்படி வந்தது?

அந்தக் காலத்தில் பிரான்சில் ஒரே ஊரில் நாலைந்து 'ழான்' இருப்பார்கள். எந்த ழான் என்று கேட்டால் என்ன சொல்வது? காட்டோரத்தில் குடியிருப்பவர் ழான் டூபுவா. பாலத்துப் பக்கம் இருப்பவர் ழான் டூபோன். முதலில் அந்த ஆளுக்கு மட்டும் இருந்த அடையாளம் பிறகு பிள்ளைகளுக்கும் வந்தது.

1539-இல் மன்னர் முதலாம் பிரான்சுவா, ஞானஸ்நானப் பதிவேடு வைக்க வேண்டும் என்று ஆணையிட்டார். பிறப்புப் பதிவில் உள்ள பெயரைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும் என்று 1794-இல் சட்டம் வந்தது. இப்படிப் பெயர்கள் நிலைத்துவிட்டன. காட்டை வெட்டினாலும் பெயர் போகாது!

இன்னொன்று: காடு ஊருக்கு ஊர் இருந்தது. அதனால் டூபுவா என்று பெயர் உள்ள எல்லாரும் சொந்தக்காரர்கள் இல்லை.

இதே மாதிரி சில பெயர்கள்

டூமோன் – மலை
டூவால் – பள்ளத்தாக்கு
டூப்ரே – புல்வெளி
டேஷான் – வயல்கள்
ஃபோன்டேன் – ஊற்று
ரிவியேர் – ஆறு

கடல் தாண்டிய பெயர்

நான் படித்த டூ பாய்ஸ் 1868-இல் அமெரிக்காவில் பிறந்தவர். கறுப்பின மக்களின் உரிமைக்காகப் பாடுபட்டவர். அவருடைய கொள்ளுத்தாத்தா பிரெஞ்சு வம்சாவளி வெள்ளைக்காரர். தாத்தா அலெக்சாண்டரோ பஹாமாஸ் தீவுகளில் கறுப்பினத் தாய்க்குப் பிறந்தவர். தகப்பன் இறந்ததும் வெள்ளைக்கார உறவினர்கள் அலெக்சாண்டரைப் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தி, செருப்புத் தைக்கும் தொழில் பழக அனுப்பிவிட்டார்கள். அப்பா வழியில் அவருக்கு மிஞ்சியது பெயர் மட்டும்தான்.

அந்த அலெக்சாண்டரின் பேரன்தான் 1895-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். அங்கே அந்தப் பட்டம் வாங்கிய முதல் கறுப்பின அமெரிக்கர் அவரே!

தன் பெயரை 'டூ பாய்ஸ்' என்றே சொல்ல வேண்டும் என்று அவர் கடிதத்தில் எழுதியிருக்கிறார். ஆக, பிரான்சில் என் நண்பன் சொன்னது சரி. இவர் விஷயத்தில் நான் படித்தது சரி. ஒரு பெயரின் பொருளை அகராதியில் பார்க்கலாம். அதை எப்படிக் கூப்பிடுவது என்று அந்தப் பெயருக்கு உரியவரிடம்தான் கேட்க வேண்டும். நம் வகுப்பிலும் அப்படித்தானே?

யோசியுங்கள்: 'பெல்' என்றால் அழகான. அப்படியானால் 'பெல்மோன்' என்ற குடும்பப் பெயருக்கு என்ன பொருள்? விடை மேலே உள்ள பட்டியலிலேயே ஒளிந்திருக்கிறது!