கணிப்பொறியின் பண்டகசாலையும் பதிவேடும்

பள்ளிப் பண்டகசாலையில் பொருள்கள் ஓரிடத்திலும், அவற்றின் கணக்கைக் காட்டும் இருப்புப் பதிவேடு வேறோரிடத்திலும் இருக்கும். பதிவேடு தொலைந்தால், பொருள்கள் அலமாரியில் இருந்தும் கணக்கில் இல்லாதவையாகிவிடும். கணிப்பொறியின் இயக்க முறைமையும் இவ்வொழுங்கையே பின்பற்றுகிறது.

கேரளத்தில் 2001-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம், 2017-இல் 'கைட்' என்னும் அரசு நிறுவனமாயிற்று. அந்நிறுவனம் பள்ளிகளுக்கு அளிக்கும் லினக்ஸ் முறைமை, உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டது. உபுண்டுவோ, 1993-இல் தோன்றிய டெபியன் வழி வந்தது. ஆதலின் பாலக்காட்டு எல்லையிலுள்ள கொழிஞ்சாம்பாறையிலோ, இடுக்கி மாவட்டத்து மூணாற்றிலோ இம்முறைமையைக் கையாளும் ஆசிரியர், கீழ்க்கண்ட இடங்களை அறிந்திருத்தல் நலம். திரையில் இப்பெயர்கள் ஆங்கில எழுத்துக்களில் காணப்படும்.

இயங்கும் மென்பொருள்களுள் பெரும்பாலானவை '/யூஎஸ்ஆர்/பின்' என்னும் அடைவில் உள்ளன. அவற்றிற்குத் துணையான கோப்புகள் '/யூஎஸ்ஆர்/லிப்', '/யூஎஸ்ஆர்/ஷேர்' ஆகிய அடைவுகளில் இருக்கின்றன. இவையே பண்டங்கள்.

பதிவேடுகள் இருவகைப்படும். எந்த நாளில் எது நிறுவப்பட்டது, எது புதுப்பிக்கப்பட்டது என்பதைக் கூறும் நாட்குறிப்பு '/வார்/லாக்/ஆப்ட்/ஹிஸ்டரி.லாக்' ஆகும். அது மாதந்தோறும் மாற்றப்பட்டு, பழையவை சுருக்கி வைக்கப்படும். பொதுவாகப் பன்னிரண்டு மாதக் குறிப்புகள் கிடைக்கும். இன்றைய இருப்பைக் கூறும் பேரேடு '/வார்/லிப்/டிபிகேஜி/ஸ்டேட்டஸ்' என்பதாகும்.

வட்டில் இடம் குறையும்பொழுது கண்ணிற்பட்ட கோப்புகளை அழிப்பது பெருந்தவறு. பேரேடு அழிந்தால் மென்பொருள்கள் ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் அவை தன்னிடம் இருப்பதை முறைமை அறியாது. பாதுகாப்புத் திருத்தங்களும் வந்து சேரா. அவ்வாறு நேரின், '/வார்/பேக்கப்ஸ்' அடைவிலுள்ள பழைய படியைக் கொண்டு சீர்செய்ய முயலலாம்.

அச்சமின்றி நீக்கத்தக்கவை '/வார்/கேஷ்/ஆப்ட்/ஆர்கைவ்ஸ்' அடைவில் உள்ள, தரவிறக்கிய பொதிகளாகும். 'ஆப்ட்-கெட்' கட்டளையால் பெறப்பட்ட பொதிகள் நிறுவிய பின்னரும் இங்கே தங்கியிருக்கும். இணைய இணைப்பு நலிந்த மலைப்பகுதிகளில் இவற்றை முதலில் ஒரு பென் டிரைவில் படியெடுத்துக் கொள்ளுதல் நன்று. அதே பதிப்பும் அதே வகைச் செயலியும் உடைய அடுத்த கணிப்பொறிக்கு அவை பயன்படும். அதன்பின் 'ஆப்ட்-கெட் கிளீன்' என்ற கட்டளையை, நிர்வாகி உரிமையுடன் இடுக.

பண்டத்தைக் கையால் அகற்றாது, முறைமையின் கட்டளையால் அகற்றுவதே விதி. அப்பொழுதுதான் பண்டமும் பதிவேடும் ஒத்து நிற்கும்.