கிளட்சு லீவரும் கேபிளும்: வீட்டிலேயே செப்பனிடும் முறை

முன்னாளில் தோளிலும் சைக்கிளிலும் சங்கத்திற்கு வந்த சேலைக்கட்டும் பால்கேனும் இன்று பெரும்பாலும் மோட்டார் சைக்கிளில் வருகின்றன. ஆதலின் அவ்வண்டியும் தறியையும் ஏரையும் போன்று ஒரு தொழிற்கருவியாகிவிட்டது. ஆயினும், தறியில் ஒரு கயிறு தளர்ந்தால் அன்றே கவனிக்கும் அங்கத்தினர், கிளட்சுக் கேபிள் இழை இழையாகப் பிரிவதை அது அறும் நாள்வரை கவனிப்பதில்லை. பால் அளவை முடிவதற்குள் சென்று சேராவிடில் அன்றைய பால் வீட்டிலேயே தங்கிவிடும். கேபிளின் விலையைவிட இந்நட்டமே பெரிது.

கிளட்சின் வேலையை நெசவாளருக்கு விளக்குதல் எளிது. மிதியை அழுத்தினால் கயிறு விழுதை இழுக்கிறது. பாவு இரண்டாகப் பிரிந்து நாடா ஓட வழி உண்டாகிறது. அதுபோலவே, லீவரை அழுத்தினால் கேபிள் இயந்திரத்தின் பக்கத்திலுள்ள சிறு கையை இழுக்கிறது. உள்ளே ஒன்றோடொன்று அழுந்தி நிற்கும் தகடுகள் விலகுகின்றன. இயந்திரத்தின் சுழற்சி சக்கரத்திற்குச் செல்லாமல் நிற்கிறது. அவ்வேளையில் கியர் மாற்றுகிறோம். உறைக்குள் எஃகுக் கம்பி ஓடும் இக்கேபிளுக்கு எர்னஸ்ட் பௌடன் என்பவர் 1896இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். கியரில்லாத ஸ்கூட்டர்களுக்கும், திரவ அழுத்தத்தால் இயங்கும் கிளட்சுகளுக்கும் இக்கட்டுரை பொருந்தாது.

முதலில் நோக்க வேண்டுவது தளர்வு. லீவரின் நுனியை விரலால் மெல்ல அசைத்தால், கம்பி இறுகுமுன் அது சிறிது தூரம் சும்மா நகர வேண்டும். நம்மிடையே மிகுதியாக ஓடும் 100 சி.சி. வண்டிகளில் இது ஏறக்குறைய 10 முதல் 20 மில்லிமீட்டர் வரை இருக்கும். வண்டியுடன் தந்த கையேட்டில் கண்ட அளவே முடிவானது. தளர்வு மிகுந்தால் தகடுகள் முழுதும் விலகா, கியர் முரண்டும். தளர்வே இல்லாவிடில் தகடுகள் முழுதும் அழுந்தா. இயந்திரம் இரையும், வண்டி வேகம் பிடிக்காது, தகடுகள் உராய்ந்து கருகும். கேபிளை இறுக்கினால் கிளட்சு நன்றாகப் பிடிக்கும் என்று எண்ணுவோர் பலர். உண்மை இதற்கு நேர்மாறானது. நல்ல தகடுகளைக் கெடுத்துக்கொள்ள இதனினும் எளிய வழி இல்லை.

தளர்வைச் சரிசெய்ய லீவரின் அடியில் ஓர் அட்ஜஸ்டரும், இயந்திரத்தின் பக்கத்தில் மற்றொன்றும் உள்ளன. பூட்டு நட்டைத் தளர்த்தி அட்ஜஸ்டரை வெளிப்புறம் திருகினால் தளர்வு குறையும். உட்புறம் திருகினால் மிகும். பின் நட்டை இறுக்கிவிட வேண்டும். மேலுள்ளது சிறு திருத்தத்திற்கு, கீழுள்ளது பெருந்திருத்தத்திற்கு. இரண்டையும் எல்லைவரை திருகியும் தளர்வு குறையவில்லையெனில், கம்பி நீண்டிருக்கலாம், அல்லது இயந்திரத்தின் உட்புறத்தில் தேய்மானம் இருக்கலாம். புதுக் கேபிளிட்டும் குறை தீராவிடில் மெக்கானிக்கிடம் செல்வதே முறை.

லீவர் கனமாக இருந்தாலும், அழுத்திவிட்டபின் தானே திரும்பாவிட்டாலும் எண்ணெய் இடும் காலம் வந்துவிட்டது. அட்ஜஸ்டரை முழுதும் உள்ளே திருகி, அதன் பிளவையும் நட்டின் பிளவையும் லீவரின் பிளவுக்கு நேராக நிறுத்தினால், கம்பி அவ்வழியே வெளிவரும். அதன் முனையிலுள்ள குண்டையும் கழற்றிவிடலாம். உறையின் வாயில் பாலிதீன் காகிதத்தைப் புனல்போற் சுற்றி நூலாற் கட்டி, எஞ்சின் எண்ணெயைச் சிறிது வார்த்து, கீழ் முனையில் கசியும்வரை விட்டுவைக்கலாம். ஓரிரவு ஆனாலும் கேடில்லை. சமையலறையில் உள்ளதே என்று தேங்காயெண்ணெயோ கடலையெண்ணெயோ வார்ப்பது தகாது. நாளடைவில் அது பிசினாகி உறையை அடைத்துவிடும். உள்ளே நைலான் பூச்சுள்ள சில கேபிள்களுக்கு எண்ணெய் வேண்டுவதில்லை, கையேட்டைப் பார்த்துக்கொள்க. கிரீஸ் தடவ வேண்டிய இடங்கள் குண்டும் லீவரின் அச்சாணியும் மட்டுமே.

குண்டின் அருகில் ஓர் இழை பிரிந்திருந்தாலும் கேபிளை மாற்றிவிடுக. அறுந்த பாவிழையை முடிச்சிட்டு நெய்யும் கைகளுக்கு இக்கம்பியையும் முடிச்சிட்டால் என்ன என்று தோன்றும். நூலாற் சுற்றிக் கட்டிய கேபிள்களைச் சங்க வாசலில் நின்ற வண்டிகளிற் கண்டிருக்கிறேன். முடிச்சு உறைக்குள் நுழையாது. வெளியே இருந்தாலும் இழுவையைத் தாங்காது. திருகிப் பொருத்தும் தற்காலிகக் குண்டு வழியில் அறுந்த வண்டியை வீடு சேர்க்க உதவும். அதற்கு மேல் அதனை நம்பலாகாது. முன்பிரேக் கேபிளுக்கு அதனையும் பயன்படுத்தலாகாது.

பழைய கேபிளை உருவுமுன் அதன் கீழ் முனையில் ஒரு நீண்ட நூலைக் கட்டி, மேற்புறமாக இழுத்திடுக. நூல் அவ்வழியிலேயே நின்றுவிடும். வண்டியின் அதே மாதிரிக்குரிய புதுக் கேபிளை அந்நூலிற் கட்டித் திரும்ப இழுத்தால், வழி தவறாமல் வந்து சேரும். கேபிள் சூடான சிலிண்டரையும் புகைக் குழாயையும் தொடலாகாது. கூர்மையாக மடியவும் கூடாது. ஹேண்டிலை இருபுறமும் முழுதும் திருப்பிப் பார்த்தால் தளர்வு மாறாதிருக்க வேண்டும்.

லீவர் பெரும்பாலும் வார்ப்பு அலுமினியம். கீழே விழுந்து வளைந்ததைச் சுத்தியலால் நிமிர்த்தினால் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு உண்டாகிப் பின்னொரு நாள் ஒடியும். நுனிக்குமிழ் ஒடிந்த லீவரோ கைக்கும் வயிற்றுக்கும் ஆபத்து. புதியதைப் பொருத்தி, அச்சாணியின் நட்டை லீவர் தடையின்றி அசையும் அளவுக்கே இறுக்குக.

வேலை முடிந்ததும் இயந்திரத்தை இயக்காமலே சோதிக்கலாம். முதற்கியரிட்டு, லீவரை அழுத்திக்கொண்டு வண்டியைத் தள்ளினால் உருள வேண்டும். விட்டவுடன் தடைப்பட வேண்டும். புதுக் கம்பி சில நாட்களில் சற்றே நீண்டு அமரும். ஆகவே ஒரு வாரம் ஓட்டியபின் தளர்வை மறுபடி அளந்து, மேலட்ஜஸ்டரால் திருத்திக்கொள்க.