“முன்பு வேலை செய்த இடத்தில் எப்படி?”



நேர்முகப் பரீட்சைக்குப் போகிற நம்ம பிள்ளைகள் பெயர், ஊர், படிப்பு எல்லாவற்றுக்கும் பதிலைப் பாடமாக்கிக்கொண்டு போகிறார்கள். “முன்பு வேலை செய்த இடத்தில் மேலே உள்ளவரோடு எப்படி? ஏன் விலகினீர்கள்?” என்று கேட்டவுடன்தான் தடுமாற்றம்.

எங்கள் டிவிசன் தம்பி ஒருவர் கொழும்பில் ஒரு கடையில் மூன்று வருடம் நின்றவர். இரவு பத்து மணி வரை வேலை, லீவு கேட்டால் ஏச்சு. தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தவர் திரும்பிப் போகவில்லை. பிறகு ஒரு ஆடைத் தொழிற்சாலையில் நேர்முகப் பரீட்சை. இந்தக் கேள்வி வந்ததும் பழைய முதலாளியைப் பற்றி மனதில் கிடந்ததையெல்லாம் கொட்டிவிட்டார். கால்மணி நேரம்! வேலை கிடைக்கவில்லை. அவர் சொன்னதில் பொய் இல்லை, எனக்குத் தெரியும். ஆனால் கேட்டவர்களுக்கு அந்த முதலாளியைத் தெரியாதே. நாளைக்கு நம்மையும் இப்படித்தான் பேசுவார் என்று நினைத்திருப்பார்கள்.

அதற்காக “முதலாளி தங்கமானவர்” என்று புளுகவும் வேண்டாம். அப்படியானால் ஏன் விட்டாய் என்று அடுத்த கேள்வி வரும். போன் எடுத்து விசாரிக்கவும் கூடும். நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லுங்கள். “வேலை நேரம் கூட. லீவு பற்றி இரண்டு தரம் பேசிப் பார்த்தேன், சரிவரவில்லை. சொல்லாமல் நின்றது என் பிழை. காசுக் கணக்கில் ஒரு குறையும் வைக்கவில்லை.” இவ்வளவு போதும்.

“ஒத்துப்போகாத ஆளோடு வேலை செய்திருக்கிறீர்களா?” என்றும் கேட்பார்கள். “நான் மலையிலதான் வேலை செஞ்சேன், சொல்ல ஒண்ணுமில்ல” என்று தங்கச்சிமார் சொல்வது எனக்குப் பெரிய கவலை. கொழுந்து நிறுக்கிற இடத்தில் சாக்குக்கும் ஈரத்துக்கும் கழிக்கிற கிலோவில் தகராறு வந்ததே இல்லையா? கத்தாமல், தராசை இன்னொரு தரம் பார்க்கச் சொல்லி, முடியாவிட்டால் தலைவரைக் கூட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போய்ப் பேசி, அடுத்த நாள் அதே கங்காணியிடம் நிரை வாங்கிக் கொழுந்து எடுக்கிறீர்களே, அதைச் சொல்லுங்கள். கார்மண்டிலும் லைன், சூப்பர்வைசர், டார்கட் என்று நம்ம மலை மாதிரித்தான்.

தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு கொடுத்திருந்தால் வெட்கப்படத் தேவையில்லை, அது உங்கள் உரிமை. கேட்டால் சொல்லுங்கள். கேட்காமல் நீங்களாக அதில் தொடங்க வேண்டாம்.

இன்னொன்று. பழைய இடத்தில் ஊழியர் சேமலாப நிதி கட்டியிருந்தால் அங்கத்துவ இலக்கத்தை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் சம்பளத்தில் 8 வீதம், முதலாளி 12 வீதம். கோபித்துக்கொண்டு வந்த இடம் என்று அதைக் கேட்காமலே விடுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அது உங்கள் காசு.

மேலே சொன்ன தம்பி இப்போது வேறொரு இடத்துக்கு மனுப் போட்டிருக்கிறார். பதில் இன்னும் வரவில்லை. ஆனால் பழைய கடைக்குப் போய் இலக்கத்தை எழுதி வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். முதலாளி தேத்தண்ணியும் கொடுத்தாராம்.