பராமரிப்பு வேலைக்குக் கையெழுத்து போடுவது யார்?

தொண்டாமுத்தூர்ப் பக்கம் முதியவர்களையும் படுக்கையில் கிடப்பவர்களையும் கவனிக்கும் வேலையில் இறங்க நினைக்கிறீர்களா? சமூகப்பணி படித்தவரோ, நர்சிங் முடித்தவரோ, நாலு பேர் சேர்ந்து டிரஸ்ட் பதிந்தவரோ, யாராக இருந்தாலும் எடுத்த எடுப்பில் பேரூராட்சி அலுவலகத்துக்குப் போகாதீர்கள். சமூகநலம், மாற்றுத்திறனாளிகள் நலம் இரண்டையும் அரசியலமைப்பின் 11-ஆம் அட்டவணை ஊராட்சிகளின் பணிப் பட்டியலில்தான் வைத்திருக்கிறது. ஆனால் ஒரு முதியோர் இல்லத்துக்குப் பணம் ஒதுக்கும் அதிகாரம் நடைமுறையில் கலெக்டர் ஆபீசிலும் சென்னையிலும் டெல்லியிலும் இருக்கிறது.

வேறு இடங்களில் இப்படி இல்லை. இங்கிலாந்தில் 2014-ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டப்படி, யாருக்கு என்ன உதவி தேவை என்று உள்ளாட்சி மன்றமே மதிப்பிட்டு, தனியாரிடம் அந்தச் சேவையை விலைக்கு வாங்குகிறது. வாளையாறு தாண்டினால் கேரளத்தில் 2008-லேயே வலிதணிப்புச் சிகிச்சைக்கு அரசுக் கொள்கை வந்து, பஞ்சாயத்துகள் வீடு தேடிப் போக நர்ஸ் வைத்துக்கொண்டன. நமக்கு அதிலிருந்து பாடம் உண்டு. ஆனால் அப்படி ஒரு ஏற்பாடு இங்கே வரும்வரை பிழைப்பு நடக்க வேண்டுமே.

இங்கே உள்ளாட்சி நேரடியாக ஆள் தேடுவதற்கு அருகில் வருவது வீடற்றோர் தங்குமிடம்தான். மாநகராட்சி கட்டடம் தரும், தொண்டு நிறுவனம் நடத்தும். முதியோர் இல்லம் என்றால் மத்திய அரசின் முதியோருக்கான ஒருங்கிணைந்த திட்டம். 25 ஆதரவற்ற முதியவர்களுக்கு ஒரு இல்லம் என்பது அதில் ஓர் அளவு. மாற்றுத்திறனாளிகளுக்கு உலக வங்கிக் கடனுதவியோடு தமிழ்நாடு உரிமைகள் திட்டம், அதன் 'விழுதுகள்' மையங்கள். 2025-26 பட்ஜெட்டில் முதியோருக்காக 25 'அன்புச்சோலை' மையங்களை அறிவித்தபோது கோவையின் பெயரும் சொல்லப்பட்டது.

இவற்றில் எதற்கு முயன்றாலும் நீங்கள் எழுதித்தர வேண்டியது கருத்துரு. சாக்கடை டெண்டர் போல் குறைந்த விலை சொன்னவருக்கே வேலை என்று நினைத்து ரேட்டைக் குறைக்காதீர்கள். தணிக்கை அறிக்கை, கட்டட உரிமை, தீயணைப்புத் துறைச் சான்று, தொண்டு நிறுவனங்களுக்கான தர்பண் பதிவு எண், எத்தனை ஆள், எந்த ஷிப்ட் என்று பார்ப்பார்கள். பலர் கோட்டை விடுவது இரவு ஷிப்டில். பகலுக்கு மூன்று பேரைக் கணக்கு போட்டுவிட்டு, ராத்திரி அமுச்சியைத் திருப்பிப் படுக்கவைக்க ஆள் வைக்காமல் விடுகிறார்கள். டயப்பர், சலவை, லீவுக்கு மாற்று ஆள், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும் வண்டி, எல்லாவற்றுக்கும் விலை போடுங்கள். 'தொண்டுதானே' என்று சிரித்துக்கொண்டே வெட்டுவார்கள். வெட்டினால் எந்த வேலை நிற்கும் என்று எழுத்தில் கொடுங்கள்.

அடுத்தது பணம் வரும் வேகம். மானியம் தவணையாகத்தான் வரும். முந்தைய தவணைக்குப் பயன்பாட்டுச் சான்று போனால்தான் அடுத்தது நகரும். கையில் ஆறு மாதச் சம்பளமும் மளிகையும் தாங்கும் பணம் இல்லாமல் ஒப்பந்தத்தில் கையெழுத்து போடாதீர்கள். மானியத்தை மட்டும் நம்பித் தோட்டத்தை அடகு வைக்கிறவருக்கு என் யோசனை: வேண்டாம்.

வேலைக்குப் போகிறவர்களுக்குப் பாதை சற்று நேரானது. மாநில அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. அதில் வலிதணிப்பு நர்சும் பிசியோதெரபிஸ்டும் வீட்டுக்கே போகிறார்கள். மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்கள் சுகாதாரத் தன்னார்வலர்கள். ஆள் எடுப்பது மாவட்ட நலவாழ்வுச் சங்கம். அறிவிப்பு மாவட்ட இணையதளத்தில் வரும், விண்ணப்பிக்க அவகாசம் குறைவு. தொகுப்பூதியம், தற்காலிகம் என்ற வரியைப் படித்துவிட்டுச் சேருங்கள். வயிறு நிறையாது, ஆனால் அந்த அனுபவச் சான்றை மறுபடி விலைக்கு வாங்க முடியாது. லண்டன் ஆசையில் இருப்பவர்கள் கவனிக்க: 2025 ஜூலை 22 முதல் பராமரிப்புப் பணியாளர்களை வெளிநாட்டிலிருந்து புதிதாக எடுப்பதை பிரிட்டன் நிறுத்திவிட்டது. அந்த விசாவுக்கு இன்னும் லட்சம் கேட்கிற ஏஜென்டிடம் ஒரு ரூபாயும் தராதீர்கள்.

கருத்துரு எழுதுகிறவர்களுக்குக் கடைசியாக ஒன்று. பேரூராட்சிக்குக் கிராம சபை கிடையாது. சுற்றியுள்ள தேவராயபுரம் போன்ற ஊராட்சிகளுக்கு உண்டு, ஆண்டுக்கு 6 முறை. படுத்த படுக்கையாக இருப்போர், தனியே வாழும் முதியோர் எத்தனை பேர் என்று தெருவாரியாகக் கணக்கெடுத்து, அதை அங்கே வாசித்து, 'இந்த ஊருக்கு இந்தச் சேவை தேவை' என்று தீர்மானம் போடச் சொல்லுங்கள். பணம் வராது. ஆனால் கையெழுத்திட்ட தீர்மான நகலைக் கருத்துருவின் முதல் இணைப்பாக வையுங்கள். தேவை உண்டா என்ற கேள்வியைக் கலெக்டர் ஆபீசில் மறுபடி கேட்க மாட்டார்கள்.