'டு' என்னும் சிறு சொல்

"எழுத வந்தான்" என்புழி, 'எழுத' என்னும் செயவென் எச்சம் வருகையின் நோக்கத்தை உணர்த்துகின்றது. ஆங்கிலத்தார் இதனை 'டு ரைட்' என்பர். பண்டை ஆங்கிலத்தில் 'எழுத' என்பது 'வ்ரீட்டன்' என ஈறு பெற்ற தனிச்சொல்லாய் நின்றது. பெரும்பாலும் 'எழுதற்கு' என்னும் பொருளிலேயே 'டு' முன்வந்தது. நாளடைவில் ஈறு தேய, 'டு' நிலைபெற்றது. 'கேன்', 'மஸ்ட்' முதலிய துணைவினைகளோ பழைய வழக்கைக் கைவிடவில்லை. ஆதலின் 'ஐ கேன் டு ரைட்' என்பது வழு; 'ஐ கேன் ரைட்' என்பதே மரபு.

'ஸ்டாப்' என்னும் வினையிடத்து மாணவர் மிக்க விழிப்புடன் இருத்தல் வேண்டும். 'ஹி ஸ்டாப்டு டு ரீட்' எனின், வழிச்சென்றவன் ஒன்றைப் படிப்பதற்காக நின்றான் என்பது பொருள். 'ஹி ஸ்டாப்டு ரீடிங்' எனின், படித்துக்கொண்டிருந்தவன் படித்தலையே நிறுத்தினான் என்பதாம். பொருள் முற்றும் தலைகீழாயிற்று! தமிழிலோ 'நின்றான்', 'நிறுத்தினான்' என வினையே வேறுபடுதலின் இம்மயக்கம் எழுவதில்லை.